தீவைச் சுற்றிவரத் திட்டமிடல்

இலங்கைப் படத்தை மேசைமீது விரித்து, மட்டக்களப்பில் விரலை வைத்துக் கரையோரமாக ஒருமுறை சுற்றிவர அரை நிமிடமும் செல்லாது. அதே சுற்றை வண்டியேறிச் சுற்றப் புறப்படுவோரிற் பலர் பாதி வழியிற் களைத்துத் திரும்புகின்றனர். வேறு சிலர் நான்கே நாளில் ஓடிமுடித்து, இரவில் வந்து விடியுமுன் நீங்கிய ஊர்களின் பெயர்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வீடு சேர்கின்றனர். வாவிக்கரையில் வாழும் எளிய குடும்பமொன்றுக்கு இத்தகைய பிரயாணம் வாழ்நாளில் ஒருமுறையே வாய்க்கக்கூடும். பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அதில் அடங்கியிருக்கிறது. ஆகவே புறப்படுவதற்கு முன் அமைதியாக இருந்து சிந்திப்பது அவசியமாகும்.

இத்தீவு பெரியதன்று. வடக்குத் தெற்காக ஏறக்குறைய 435 கிலோமீற்றர் நீளமும், கிழக்கு மேற்காக ஏறக்குறைய 225 கிலோமீற்றர் அகலமும் உடையது. இதன் சிறுமையே பிரயாணிகளை ஏமாற்றுகிறது. “எங்கே சென்றாலும் ஒருநாள் வழிதானே” என்று தூரத்தை மட்டும் கணக்கிடுகிறவர்கள், அதனிலும் முக்கியமான இரண்டு கணக்குகளை மறந்துவிடுகின்றனர். அவை காற்றின் கணக்கும் பாதையின் கணக்குமாம்.

முதலிற் காற்றைக் கவனிப்போம். இத்தீவுக்கு ஒரே மழைக்காலம் இல்லை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உண்டு. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, கொழும்பு, காலி, இரத்தினபுரி முதலிய இடங்களிலும் மலைநாட்டின் மேற்குச் சரிவிலும் மழையைக் கொட்டிவிட்டு, மலையைக் கடந்து இறங்கும்பொழுது ஈரம் வற்றி வெப்பக் காற்றாகின்றது. அதனையே மட்டக்களப்பார் கச்சான் என்பர். கச்சான் வீசும் நாட்களில் மேற்குக் கரையில் மனிதர் குடைபிடித்து நடக்க, கிழக்குக் கரையில் வாவியின் ஓரங்கள் வற்றி மணல் தெரியும். அக்டோபர் மாதத்தின் பின் நிலைமை தலைகீழாகின்றது. வாடைக்காற்றோடு மாரி தொடங்க, நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களிற் கிழக்கும் வடக்கும் நனைகின்றன. வங்காள விரிகுடாவிற் சூறாவளிகள் தோன்றும் காலமும் அதுவே. 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை முதியோர் இன்றும் மறக்கவில்லை.

இதிலிருந்து பெறப்படும் உண்மை யாது? ஆண்டின் பெரும்பகுதியில், தீவின் ஒரு பாதி பிரயாணத்துக்கு உகந்ததாயிருக்கும்பொழுது மறு பாதி உகந்ததாயிராது. முழுச் சுற்றையும் ஒரே மூச்சில் முடிக்க விரும்புவோருக்கு, வாடை ஓய்ந்த பின்னும் தென்மேற்குக் காற்றுத் தொடங்குமுன்னும் உள்ள மாதங்களே வாய்ப்பானவை. பெப்ரவரி நடுப்பகுதியிற் புறப்பட்டு, மேற்கையும் தெற்கையும் முதலிற் பார்த்து, மார்ச் மாதத்தில் வடக்கையும் கிழக்கையும் அடைவது நன்று. மார்ச், ஏப்ரல் மாதங்களிற் பிற்பகல் வேளையில் இடிமழை பெய்வதுண்டு. ஆதலின் நெடுவழியைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும். பெரும்போக அறுவடையை முடித்த படுவான்கரை விவசாயிக்கு, ஓய்வும் கையிற் சிறிது பணமும் சேரும் காலமும் ஏறக்குறைய இதுவேயாம்.

பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பத்தின் நிலை வேறு. அவர்களுக்கு நீண்ட விடுமுறை வழக்கமாக ஆகஸ்டிலும் டிசம்பரிலும் வருகின்றது. ஒன்று கச்சான் காலம், மற்றது வாடைக்காலம். எந்த விடுமுறையிற் புறப்பட்டாலும் முழுச் சுற்றின் ஒரு பாதி மழையில் அகப்படும். இதற்குப் பரிகாரம், வட்டத்தை இரண்டு அரைவட்டங்களாக்குவதே. ஆகஸ்டிற் கிழக்கும் வடக்கும். டிசம்பரில், அல்லது அதற்கடுத்த ஆண்டில், மேற்கும் தெற்கும். பணச்சுமையும் இவ்வாறு இரண்டாகப் பிரிந்து இலேசாகிவிடும்.

இனி, பாதையின் கணக்கு. படத்திற் கரையோரம் முழுமையான வளையமாகத் தோன்றினாலும், பஸ்வண்டி செல்லும் வழி அவ்வாறு தொடர்ந்து செல்வதன்று. தென்கிழக்கிற் பாணமைக்கு அப்பால் குமண, யால வனங்கள் குறுக்கிடுகின்றன. பொத்துவிலிலிருந்து கதிர்காமம் செல்லும் வண்டி, சியம்பலாண்டுவ, மொனராகலை என உள்நாட்டைச் சுற்றியே போகவேண்டும். வடமேற்கில் மன்னாருக்கும் புத்தளத்துக்கும் நடுவே வில்பத்துக் காடு கிடக்கிறது. அங்கும் மதவாச்சி, அனுராதபுரம் வழியாகச் சுற்றிவருவதே வழக்கம். புகையிரதமோ மட்டக்களப்பு நகரோடு நின்றுவிடுகிறது. திருகோணமலைக்குப் புகையிரதத்தில் செல்ல விரும்புகிறவர், முதலில் மேற்கே கல்லோயாச் சந்திவரை சென்று வண்டி மாறவேண்டும்.

வாவிகளும் ஆறுகளும் முன்னாளிற் பாதையை இன்னும் பலவாறு துண்டித்தன. கிழக்கு மாகாணத்தில் வாகனங்களையும் மனிதரையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவைக்கே ‘பாதை’ என்ற பெயர் வழங்குவது, அக்கால வாழ்வை நன்கு காட்டுகின்றது. 2009ஆம் ஆண்டிற் கிண்ணியாப் பாலமும், 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலமும் திறக்கப்பட்டன. முன்பு வாகரை, வெருகல், மூதூர் வழியாகத் திருகோணமலை செல்வது நீர்த்துறைதோறும் காத்திருக்கும் பிரயாணமாயிருந்தது. இப்பொழுது அது ஒரு காலைப்பொழுதில் முடிகின்றது.

இவ்விரு கணக்குகளையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்கு இரண்டு பிரயாணங்கள் சான்றாகும்.

1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து வந்து புத்தளத்தில் இறங்கிய இபின் பதூதா என்னும் மொறொக்கோ நாட்டுப் பிரயாணி, ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டு, பாவாத மலைக்குச் செல்ல அனுமதி வேண்டினார். அரசன் அவருக்குப் பல்லக்குக் கொடுத்ததோடு, துணையாக அனுப்பியவர் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை செல்லும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், அரசனின் ஆட்கள் பதின்மர், உணவுப் பொருள் சுமப்போர் பதினைவர். வழியறிந்தவன் முன்னே, உணவு பின்னே. திட்டம் என்பதன் முழுப்பொருளும் இதில் அடங்கியிருக்கிறது. மலையிலிருந்து இறங்கிய அவர், தெய்வந்துறை, காலி, கொழும்பு வழியாகப் புத்தளம் மீண்டார். அவர் சுற்றியது மேற்கு அரைவட்டம்.

கிழக்கு அரைவட்டத்தைக் கதிர்காமப் பாதயாத்திரிகர் சுற்றுகின்றனர். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து தொடங்கும் இந்நடை, வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், உகந்தை வழியாகச் சென்று, குமணக் காட்டைக் கடந்து மாணிக்க கங்கைக் கரையில் முடிகின்றது. முழுவதையும் நடப்பவர்க்கு ஒன்றரை மாதத்துக்கும் மேலாகும். கச்சான் காலமே அதற்குரிய காலம். கும்புக்கன் ஆற்றில் நீர் தணிந்து இறங்கிக் கடக்கக்கூடிய நாட்கள் அவையல்லவா? யாத்திரிகர் இரவுதோறும் கோயில் மண்டபத்தில் அல்லது மரநிழலில் தங்குகின்றனர். நீர் கிடைக்கும் இடத்தை அளவாகக் கொண்டே ஒருநாள் நடையை வகுக்கின்றனர். வழியறிந்த மூத்தவர் ஒருவரின் சொல்லுக்குக் கூட்டம் முழுவதும் கட்டுப்படுகின்றது. உகந்தையிற் காட்டுவழி திறக்கும் நாள் அறிவிக்கப்படும்வரை எவரும் காட்டினுட் புகுவதில்லை. போர்க்காலத்திற் பெரிதும் தடைப்பட்டிருந்த இவ்வழக்கம் இன்று மீண்டும் உயிர்பெற்றிருக்கிறது.

இவ்வனுபவங்களைக் கொண்டு, ஒரு குடும்பம் கிழக்கு, வடக்குச் சுற்றை எவ்வாறு அமைக்கலாம் எனப் பார்ப்போம். ஆடி அமாவாசையில் மாமாங்கேஸ்வரர் தீர்த்தம். அதற்குச் சில நாட்களின் பின் நல்லூரிற் கொடியேறி, 25 நாட்கள் விழா நடந்து, அடுத்த அமாவாசையிற் தீர்த்தத்தோடு நிறைவெய்துகின்றது. இரு அமாவாசைகளுக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய நான்கு வாரமே நமது அட்டவணையின் அடிப்படை. பஞ்சாங்கத்தையும் பள்ளி விடுமுறையையும் அருகருகே வைத்து நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் இவை ஆண்டுக்கு ஆண்டு முன்பின்னாகும்.

மாமாங்கத் தீர்த்தம் முடிந்ததும் ஊரைவிட்டு ஓட வேண்டியதில்லை. பூரணைவரை சொந்த வாவியைச் சுற்றிப் பார்க்கலாம். எழுவான்கரையிற் பிறந்து படுவான்கரையை அறியாதவர் பலர் உளர். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயம், கதிர்காமத்தைப் போன்று வாய்கட்டிப் பூசை செய்யும் மண்டூர் முருகன் ஆலயம், கல்லடியில் விபுலாநந்த அடிகளாரின் சமாதி, 1628ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் கட்டி 1638ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை ஆகியவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். பூரணை இரவிற் காற்று அடங்கியபின் கல்லடிப் பாலத்தின் அருகே தோணியில் இருந்து, துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டால், ‘மீன்பாடும் தேனாடு’ என்ற பெயரின் காரணம் விளங்கும்.

பூரணை கழிந்ததும் புறப்பாடு. திருகோணமலையில் நான்கு நாள்: கோணேசர் ஆலயம், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், கோடையில் அமைதியாயிருக்கும் கடல். வவுனியா வழியாகச் சென்று முல்லைத்தீவில் இரண்டு நாள். யாழ்ப்பாணத்திற் பத்து நாள்: நல்லூர்த் தேரும் தீர்த்தமும், கீரிமலை, நயினாதீவு, நெடுந்தீவு. தீவுகளுக்குச் செல்லுமுன் கடலின் நிலையைப் படகோட்டிகளிடம் கேட்டறிதல் நன்று. திரும்பும் வழியில் மன்னாரில் மூன்று நாள்: திருக்கேதீஸ்வரமும் மடுத் திருப்பதியும். அனுராதபுரத்தில் இரண்டு நாள், பொலன்னறுவையில் இரண்டு நாள். பொலன்னறுவையில் பதினொராம் நூற்றாண்டிற் சோழர் கல்லால் எடுத்த வானவன் மாதேவீச்சரம் இன்றும் நிற்கின்றது. அங்கிருந்து வாழைச்சேனை வழியாக வீடு.

மேற்கு, தெற்குச் சுற்றில், டிசம்பர் மாதத்திற் கொழும்புக்கும் காலிக்கும் அதிக நாட்களை ஒதுக்க வேண்டும். 1911ஆம் ஆண்டிற் காலியிற் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. சீனத் தளபதி செங் ஹோ நிறுவிய அக்கல்லிற் சீனம், பாரசீகம் ஆகியவற்றோடு தமிழும் பொறிக்கப்பட்டிருப்பது, பிள்ளைகள் நேரிற் கண்டு அறியவேண்டிய செய்தி. பின்னர் மாத்தறை, தெய்வந்துறை, கதிர்காமம். மலைநாட்டை இறுதியில் வைக்கலாம். அதன் கிழக்குச் சரிவில் டிசம்பரிலும் மழையுண்டு. பெருமழையின் பின் மண்சரிவால் வீதியும் புகையிரதப் பாதையும் தடைப்படுவதால், மலையேறுமுன் விசாரித்துக்கொள்ளவேண்டும். பாவாத மலையின் யாத்திரைக் காலம் டிசம்பர்ப் பூரணையில் தொடங்கி மே மாத வெசாக் பூரணையில் முடிவதும், காற்றின் கணக்கோடு பொருந்தியிருப்பதைக் காணலாம்.

சில பொது விதிகளும் உள. ஒருநாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வண்டியிற் செல்லலாகாது. முதியோரும் குழந்தைகளும் உடன்வரின் மூன்று நாளுக்கு ஒருநாள் முழு ஓய்வு வேண்டும். ஒவ்வொரு வாரத்திலும் ஒருநாளை எதற்கும் ஒதுக்காமல் வெறுமையாக விடுதல் நலம்; தவறிய வண்டியையும் காய்ச்சலையும் அந்நாள் ஏற்றுக்கொள்ளும். கைப்பணத்தில் நாலிலொரு பங்கைத் தொடாமல் வைத்திருத்தல் வேண்டும். பூரணைதோறும் விடுமுறையாதலின் வண்டிகளில் நெருக்கடி மிகும். ஆசனங்களை முற்கூட்டிப் பதிவுசெய்ய வேண்டும். தேசிய அடையாள அட்டையும், வழக்கமாக உட்கொள்ளும் மருந்தும், சிறிது சிங்களமும் உடன் இருத்தல் பயன்தரும். அறியாத ஆற்றிலும் கடலிலும் ஊரவரைக் கேளாது இறங்கலாகாது.

ஏன் இத்தனை முயற்சி என்று சிலர் கேட்கலாம். 1983ஆம் ஆண்டு முதல் 2009ஆம் ஆண்டுவரை நடந்த போரினால், வாவிக்கரையிற் பிறந்த ஒரு தலைமுறையினர் தம் நாட்டின் பெரும்பகுதியைக் காணாமலே வளர்ந்தனர். யாழ்ப்பாணமும் காலியும் அவர்களுக்குப் பாடநூற் பெயர்களாக இருந்தன. அவர்களுடைய பிள்ளைகளுக்கு இன்று பாதை திறந்திருக்கிறது. திறந்த பாதையில் நான்கு நாள் ஓடிமீளும் பிள்ளை ஊர்களை எண்ணிக்கொண்டு வரும். ஓரூரில் நான்கு நாள் தங்கும் பிள்ளையோ, அவ்வூர்க் கிணற்றுநீரின் சுவையையும், அயல்வீட்டாரின் பேச்சையும், அங்கு வீசும் காற்றின் பெயரையும் அறிந்துகொண்டு வரும். மறுமுறை அவ்வூரில் வெள்ளம் என்ற செய்தி கேட்கும்பொழுது, அப்பிள்ளைக்கு அங்கே தெரிந்த முகம் ஒன்று இருக்கும்.