90 வாற்றை ஏன் சூடாக்க வேண்டும்?

காலைக் கூட்டத்தில் ஒலிவாங்கியை வாயோடு ஒட்டிப் பிடித்துப் பேசினால் என்ன நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். குரல் பெரிதாவதில்லை, கரகரத்து உடைந்துபோகிறது. விரியலாக்கி தனக்குத் தரப்படுவதை ஓர் எல்லை வரைதான் பெருக்கும். எல்லை தாண்டினால் அலையின் உச்சிகளை வெட்டிவிடும். அமெச்சூர் வானொலியாளர்களுக்கும் இதே தொல்லை உண்டு. ஆனால் அவர்களுக்கு அது பணச்செலவையும் கொண்டுவரும்.

உரிமம் பெற்று, இலாப நோக்கமின்றி, தமக்கென ஒதுக்கப்பட்ட மீடிறன்களில் உலகத்தோடு பேசுபவர்களே இவர்கள். இலங்கையில் இவர்களது அழைப்புக் குறிகள் பெரும்பாலும் '4எஸ்7' என்று தொடங்கும். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது, பாரதி பிரசாத் என்ற இந்தியப் பெண்மணி தம் குழுவினருடன் அந்தமானின் போர்ட் பிளேயரில் வானொலி இயக்கிக்கொண்டிருந்தார். பொழுதுபோக்காகக் கொண்டுவந்த கருவிகளே அன்று அவசரச் செய்திகளைச் சுமந்தன. அப்படியான நேரத்தில் பக்கத்து மீடிறனில் ஒருவரின் விரியலாக்கி உச்சிகளை வெட்டிக்கொண்டிருந்தால், அந்த இரைச்சல் பரவி மெல்லிய குரல்களை மூடிவிடும்.

சாதாரண சிற்றலைச் செலுத்தி ஒன்று 100 வாற்று வரை தரும். பழைய வால்வு விரியலாக்கிகள் பலவற்றுக்கு அந்த அளவு பொருத்தமாகவே இருந்தது. இன்றைய திரான்சிற்றர் விரியலாக்கிகளுள் சிலவற்றுக்கோ 5 அல்லது 10 வாற்றே போதும். அதற்கு 100 வாற்றைக் கொடுத்தால் திரான்சிற்றர் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும்.

"செலுத்தியின் வலுவை 10 வாற்றுக்குத் திருகிவிட்டால் போதாதா?" நானும் முதலில் இப்படித்தான் நினைத்தேன். ஆனால் பல செலுத்திகளில், வெளிவரும் வலுவை அளந்து அதற்கேற்பக் குறைக்கும் ஒரு தன்னியக்கச் சுற்றே இந்த வேலையைச் செய்கிறது. அளப்பதற்கு முதலில் ஏதாவது வெளியே வரவேண்டுமல்லவா? அந்தச் சில மில்லி செக்கன்களில், குழாயைத் திறந்ததும் சீறும் தண்ணீரைப் போல, முழு வலுவும் பாய்ந்துவிடலாம். எல்லாச் செலுத்திகளும் இப்படியல்ல; ஆனாலும் விரியலாக்கியைப் பலிகொடுத்துச் சோதித்துப் பார்க்க யார் விரும்புவார்?

ஆகவே இரண்டுக்கும் நடுவே தடையிகளாலான ஒரு வலுக்குறைப்பியை வைக்கிறார்கள். 10 டெசிபல் குறைப்பி வலுவைப் பத்திலொன்றாக்கும். 50 ஓம் இணைப்புக்கு மூன்று தடையிகள் வேண்டும்: வழியின் குறுக்கே 71 ஓம், அதன் இரு முனைகளிலிருந்தும் புவிக்கு 96 ஓம் வீதம். 100 வாற்று நுழைந்தால் 10 வெளிவரும், 90 வெப்பமாகும். வீண்விரயம் என்று மனம் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் தடையி எந்தச் சைகைக்காகவும் காத்திருப்பதில்லை. முதற்கணத்தில் 100 வாற்று பாய்ந்தாலும் விரியலாக்கியை அடைவது 10 மட்டுமே.

இன்னொரு நன்மையும் உண்டு. விரியலாக்கியின் உள்ளீடு பொருந்தாமல் அந்த 10 வாற்றும் அப்படியே திரும்பினாலும், வந்த வழியில் மீண்டும் பத்திலொன்றாகி, செலுத்திக்குத் திரும்புவது 1 வாற்றுதான்.

இந்த 90 வாற்று மூன்று தடையிகளுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. பௌதிகவியல் படிக்கும் தோழியர் வோல்ற்றளவின் வர்க்கத்தைத் தடையால் வகுத்துப் பாருங்கள். செலுத்தியின் பக்கத்துத் தடையியில் ஏறக்குறைய 52 வாற்று, நடுவிலுள்ளதில் 33, கடைசியில் 5 மட்டுமே. மூன்றுக்கும் ஒரே அளவுத் தடையி போட்டால் முதலாவதுதான் கருகும். கம்பி சுற்றிய தடையிகளும் உதவா. சுருள் என்பதால் உயர்மீடிறனில் அவை தூண்டியாகவும் நடந்துகொள்ளும். தூண்டல் இல்லாத தடையிகளை, வெப்பத்தை உறிஞ்சும் அலுமினியத் தட்டில் பொருத்தி, சிறு மின்விசிறி ஒன்றையும் வைப்பது நல்லது.

குறைப்பியை வழியில் நிரந்தரமாக விடவும் முடியாது. பேசுவதும் கேட்பதும் ஒரே அன்டெனாவில் என்பதால், தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரலும் பத்திலொன்றாகிவிடும். அதனால் கேட்கும்போது குறைப்பியை விலக்கி, பேசும்போது மட்டும் உள்ளே கொண்டுவர ஒரு ரிலே வேண்டும். செலுத்தியிலிருந்து வலு வெளிவரும் முன்பே அந்த ரிலே மாறி முடித்திருக்க வேண்டும்.