கடல் சுவரோரம் ஓடிய ஒளி

850, 740, 900, 1070, 930, 850, 950, 980...

புள்ளியியல் படித்தவர்களில் பலர் இந்த வரிசையை எங்கேயோ பார்த்திருப்பார்கள். ‘ஆர்’ என்ற கணினி மென்பொருளோடு பயிற்சிக்காகச் சேர்த்துத் தரும் தரவுகளில் இதுவும் ஒன்று. மொத்தம் நூறு எண்கள். ஒவ்வொன்றோடும் 2,99,000-ஐக் கூட்டினால், காற்றில் ஒளி விநாடிக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று ஒருவர் கண்ட அளவு கிடைக்கும். மாணவர்கள் சராசரி எடுப்பார்கள், திட்டவிலக்கம் கணக்கிடுவார்கள், அடுத்த பயிற்சிக்குப் போய்விடுவார்கள்.

அந்த நூறு எண்களும் 1879 ஜூன் 5 முதல் ஜூலை 2 வரை எடுக்கப்பட்டவை. இடம், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அனாபொலிஸ் நகரிலுள்ள கடற்படை அகாடமி. போர்க்கப்பல் அதிகாரிகளை உருவாக்குவதற்காக 1845-இல் தொடங்கிய கல்விக்கூடம் அது. அளந்தவர் அங்கே இயற்பியலும் வேதியியலும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த 26 வயது இளைஞர், ஆல்பர்ட் மைக்கல்சன்.

அவர் பிறந்தது இன்றைய போலந்தில் இருக்கும் ஸ்ட்ரெல்னோ என்ற சிற்றூரில். கைக்குழந்தைப் பருவம் தாண்டியதும் குடும்பம் கப்பலேறி, கலிபோர்னியாவில் தங்கம் தோண்டுவோர் குடியிருப்பு ஒன்றில் கடை போட்டது. கல்லூரிக்கு அனுப்ப வசதி இல்லை. கடற்படை அகாடமியில் சேர்ந்தால் செலவில்லாமல் படிக்கலாம். ஆனால், அகாடமியில் அவர் தொகுதிக்கென ஒதுக்கிய இடம் வேறொரு மாணவருக்குப் போய்விட்டது. பதினாறு வயதுப் பையன் 1869-இல் ரயிலேறி, நாட்டின் மேற்கிலிருந்து கிழக்குக்குப் போய், குடியரசுத் தலைவர் கிராண்டை நேரில் பார்த்தே கேட்டுவிட்டான். தலைவர் தம் விருப்பப்படி நியமிக்கக்கூடிய பத்து இடங்களும் அதற்குள் நிரம்பியிருந்தன. கடைசியில் பதினோராவதாக ஓர் இடம் போட்டுக்கொடுத்தார்கள். 1873-இல் படிப்பு முடிந்தபோது ஒளியியலில் மைக்கல்சன் முதலிடம். கப்பலோட்டும் கலையில் இருபத்தைந்தாவது இடம்.

இரண்டு ஆண்டு கடல் பணிக்குப் பிறகு 1875-இல் அகாடமிக்கே பயிற்றுநராகத் திரும்பினார். அங்கே இயற்பியல் துறைக்குத் தலைவராக இருந்தவர் வில்லியம் சாம்ப்சன் என்ற கடற்படை அதிகாரி. பாடத்தை வாயால் சொன்னால் போதாது, மாணவர்கள் கண்முன் செய்து காட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். ஒளியின் வேகத்தை வகுப்பில் செய்து காட்டச் சொல்லி மைக்கல்சனிடம் ஒப்படைத்தார். பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் பிள்ளையார் சுழி இந்த வகுப்பறை வேலைதான்.

செய்து காட்ட முன்மாதிரி இருந்தது. பிரான்ஸின் ஃபூக்கோ 1862-இல் சுழலும் கண்ணாடியை வைத்து ஒளியின் வேகத்தை அளந்திருந்தார். முறையின் உள்ளே இருக்கும் யோசனை எளிமையானது, அழகானது. வேகமாகச் சுழலும் ஒரு சிறு கண்ணாடியின் மேல் ஒளிக்கற்றை விழுகிறது. அங்கிருந்து தெறித்து, தொலைவில் அசையாமல் நிற்கும் இன்னொரு கண்ணாடிக்குப் போய் முட்டித் திரும்பி வருகிறது. போய் வரும் அந்த இம்மி நேரத்துக்குள் சுழலும் கண்ணாடி சற்றே திரும்பிவிட்டிருக்கும். ஆகவே, திரும்பி வரும் ஒளி புறப்பட்ட இடத்திலேயே வந்து சேராமல் கொஞ்சம் தள்ளி விழும். எவ்வளவு தள்ளி என்று அளந்துவிட்டால், கண்ணாடியின் சுழற்சி வேகத்தைக் கொண்டு நேரத்தைக் கணக்கிடலாம். நேரம் தெரிந்தால் வேகம் தெரிந்துவிடும்.

ஃபூக்கோவுக்கு இருந்த தொல்லை, அந்தத் தள்ளல் வெறும் 0.7 மில்லிமீட்டர். நகக்கணு அளவுகூட இல்லை. அவர் குழியாடிகளைப் பயன்படுத்தினார். தொலைவு கூடக் கூட ஒளி மங்கிப்போகும் அமைப்பு அது. அதனால் இருபது மீட்டர் பாதைக்கு மேல் போகவில்லை. இருபது மீட்டருக்குள் ஒளியை மடக்கிவைத்து அதன் வேகத்தைப் பிடிப்பது, ஓட்டப்பந்தய வீரனைத் திண்ணையில் ஓடவிட்டு நேரம் பார்ப்பதைப் போன்றது.

மைக்கல்சன் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று. குழியாடியை எடுத்துவிட்டு, நீண்ட குவியத்தூரம் உள்ள ஒரு லென்ஸை நடுவில் வைத்தார். சுழலும் கண்ணாடியை அதன் குவியத்தின் அருகே நிறுத்தினார். லென்ஸைத் தாண்டிய ஒளி ஏறத்தாழ இணைக்கற்றையாகப் போனதால், எதிர்முனையில் சாதாரணத் தட்டைக் கண்ணாடியே போதுமானதாக இருந்தது. தொலைவை வேண்டிய மட்டும் கூட்டலாம். 1878-இல் அகாடமியில் கிடைத்த பொருள்களையும் பத்து டாலர் செலவையும் கொண்டு முதல் முயற்சியைச் செய்து பார்த்தார். பாதை 500 அடி. முறை பிடிபட்டுவிட்டது. நல்ல கருவிகளுக்கு மாமனார் 2,000 டாலர் கொடுத்தார்.

அடுத்த ஆண்டு கோடையில் நடந்ததுதான் பெரிய சோதனை. அகாடமியின் வடக்கு எல்லையில் பழைய கடல் சுவர் நேராக நீண்டு கிடந்தது. பீரங்கியோ தோணியோ குறுக்கிடாத நேர்கோடு, இரு முனைக்கும் இடையில் 1,986.23 அடி. எஃகு நாடாவால் மீண்டும் மீண்டும் அளந்து உறுதிசெய்த தூரம் இது; நம் கணக்கில் சுமார் 605 மீட்டர். சுவரோரம் 45 அடி நீளம், 14 அடி அகலத்தில் ஒரு மரக்கொட்டகை எழுந்தது. தரையின் வெக்கையில் ஒளி கலங்காதிருக்க, அது தரைக்குமேல் ஏறத்தாழ 11 அடி உயரத்தில் போகும்படி கொட்டகையையே தூக்கிக் கட்டியிருந்தார்கள்.

உள்ளே இருந்த முக்கியப் பொருள் சுழலும் கண்ணாடிதான்; ஒன்றேகால் அங்குல விட்டமுள்ள ஒரு கண்ணாடி வில்லை, ஒரு பக்கம் வெள்ளி பூசியது. நீராவி எஞ்சின் தள்ளிய காற்று ஒரு சிறு சக்கரத்தை அடிக்க, அதோடு சேர்ந்து வில்லை விநாடிக்கு சுமார் 257 முறை சுற்றும். காற்றின் வரத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு அடைப்பான்; அதிலிருந்து ஒரு கயிறு, உற்றுப் பார்த்து அளவெடுப்பவரின் கையில்.

அத்தனை வேகத்தில் சுற்றும் ஒன்றை எண்ணுவது எப்படி? இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. மின்சாரத்தால் அதிரும் ஓர் இசைக்கவையின் முனையில் குட்டிக் கண்ணாடி ஒன்றை ஒட்டினார் மைக்கல்சன். சுழலும் கண்ணாடியிலிருந்து வரும் ஒளி அதில் பட்டுக் கண்ணுக்கு வரும். இரண்டின் தாளமும் ஒத்துப்போனால் பிம்பம் அசையாமல் நிற்கும். கொஞ்சம் பிசகினாலும் நழுவத் தொடங்கும். கயிற்றை இழுத்தும் தளர்த்தியும் பிம்பத்தை நிறுத்திவைத்தார். அந்த மின் இசைக்கவையே சரியாக அதிர்கிறதா? விநாடிக்கு 256 அதிர்வு கொண்ட இன்னொரு தரக் கவையைத் தட்டி, இரண்டு ஒலியும் சேரும்போது எழும் விம்மல்களைக் காதால் எண்ணினார். சூடு ஏறினால் கவையின் சுருதி இறங்கும் என்பதால் வெப்பநிலையையும் கூடவே குறித்துக்கொண்டார். மைக்கல்சன் வயலின் வாசிப்பவர். ஒளியின் வேகத்தைப் பிடிக்கும் வேலையில் பாதியை அவர் காது செய்திருக்கிறது.

ஒளிக்கு விளக்கைவிடச் சூரியனையே பெரும்பாலும் நம்பினார். ஆனால், எல்லா நேரமும் உதவாது. நண்பகலில் காற்று கானலாய் நெளிந்து பிம்பத்தைக் குலைத்துவிடும். சூரியன் எழுந்து ஒரு மணி நேரம், சாய்வதற்கு முன் ஒரு மணி நேரம், அவ்வளவுதான் கைக்கு வந்த பொழுது.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். ஒளி போய்வரும் தூரம் சுமார் 1,211 மீட்டர். அதற்கு ஆகும் நேரம், ஒரு விநாடியைப் பத்து லட்சம் துண்டாக்கினால் அதில் நான்கு துண்டு. அதற்குள் கண்ணாடி ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகத் திரும்பிவிடும். கண்ணாடி திரும்பியதைப்போல் இரு மடங்கு ஒளி திரும்பும். கண்ணாடியிலிருந்து கிட்டத்தட்ட 28 அடி தள்ளி இருக்கும் அளவுகோலில் அது பத்து சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட தள்ளலாக விழுந்தது. ஃபூக்கோ கண்டதைப்போல் நூறு மடங்குக்கும் மேல்.

நூறு அளவுகளில் மிகக் குறைந்தது 2,99,620. மிக அதிகம் 3,00,070. சராசரி 2,99,852. வெப்பநிலைக்கான திருத்தம் 12, வெற்றிடத்துக்கான திருத்தம் 80 இரண்டையும் இதோடு சேர்க்க வேண்டும். ஆக, 2,99,944 கிலோமீட்டர்; 51 கிலோமீட்டர் இப்படியோ அப்படியோ இருக்கலாம் என்று அறிவித்தார். பிறகு திருத்திய மதிப்பு 2,99,910.

இன்று நாம் வைத்திருக்கும் மதிப்பு 2,99,792.458. முதலில் அறிவித்த எண்ணிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கீழே. அதாவது, 51-க்கு மேல் பிசகாது என்று அவர் போட்ட வேலியைத் தாண்டி உண்மை வெளியே நின்றது. இரண்டாயிரத்தில் ஒரு பங்குப் பிழைதான், அந்தக் காலத்துக்குப் பெரும் துல்லியம். ஆனாலும், இது யோசிக்கவேண்டிய இடம். ஒரே மாதிரி நூறு முறை அளந்தால் கை நடுக்கத்தால் வரும் பிழைகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். தராசே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஆயிரம் முறை நிறுத்தாலும் அது மறையாது. மைக்கல்சன் இதை அறியாதவர் அல்லர். கண்ணாடியைத் தலைகீழாகத் திருப்பிவைத்து அளந்தார். தம் எதிர்பார்ப்பு கண்ணை ஏமாற்றுகிறதோ என்று வேறொருவரைக் கொண்டும் அளவு எடுக்கச் செய்தார். அத்தனைக்கும் பிறகும் ஏதோ ஒரு சாய்வு மிஞ்சியது. அதனால்தான் வாழ்நாள் முழுதும் அவர் இந்த எண்ணை விடவில்லை. 1926-இல் கலிபோர்னியாவில் 35 கிலோமீட்டர் இடைவெளியுள்ள இரு மலைகளுக்கு நடுவே ஒளியை ஓடவிட்டு 2,99,796 என்று கண்டார். நான்கு கிலோமீட்டர்கூட வித்தியாசம் இல்லை.

போர்ப் பயிற்சிக் கூடத்தில் இப்படி ஒரு வேலை நடந்தது விநோதமாகத் தோன்றலாம். ஆனால் இதற்கு நெடிய முன்கதை உண்டு. பிரான்ஸின் மெசியேர் ராணுவப் பொறியியல் பள்ளியில், கோட்டை அமைப்புக்காக வெகுநேரம் எடுக்கும் கணக்குகளைக் காஸ்பர் மோன்ழ் வரைபடத்தாலேயே தீர்த்துக்காட்டினார். இன்றைய பொறியியல் வரைபடத்துக்கு அடிப்படை அதுதான். ராணுவம் அதை ரகசியம் என்று பூட்டிவைத்தது. 1795-இல்தான் அவரால் வெளியே கற்பிக்க முடிந்தது. ரஷ்யாவின் பாவ்லோவ் பல்லாண்டுகள் பேராசிரியராக இருந்தது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ராணுவ மருத்துவ அகாடமியில். மோன்ழுக்கு நேர்ந்த பூட்டு மைக்கல்சனுக்கு நேரவில்லை என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். அளவு, கருவி, பிழை எல்லாவற்றையும் அவர் அச்சில் போட்டார். நூற்றாண்டு கழித்தும் மாணவர்கள் அந்த நூறு எண்களை எடுத்துக் கணக்குப் போடுவது அதனால்தான்.

அகாடமியில் எல்லாரும் இதை ரசிக்கவில்லை. இந்த விஞ்ஞான விஷயங்களில் காட்டும் அக்கறையைப் பீரங்கிப் பாடத்தில் காட்டினால் என்றைக்காவது நாட்டுக்குப் பயன்படுவாய் என்று, மாணவனாக இருந்த மைக்கல்சனை அகாடமித் தலைவர் கண்டித்ததாக ஒரு கதை உண்டு. 1881-இல் மைக்கல்சன் கடற்படையிலிருந்து விலகினார். 1907-இல் அறிவியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதல் அமெரிக்கர் ஆனார். முதல் உலகப் போர் வந்தபோது அறுபது வயதைத் தாண்டிய நிலையில் மறுபடியும் சீருடை போட்டுக்கொண்டு, கப்பல் பீரங்கிகளுக்குத் தேவையான தூரமானி ஒன்றை வடிவமைத்தார். கண்டித்தவருக்கு இது நல்ல பதில் என்று சொல்வார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. தூரமானி வராமலே போயிருந்தாலும் 1879 கோடையின் மதிப்பில் ஒரு குன்றிமணி குறைந்திருக்காது.

கடல் சுவர் நின்ற இடம் இப்போது கடலோரமே இல்லை. மண் நிரப்பி நிலமாக்கிவிட்டார்கள். ஒளி ஓடிய கோட்டை மட்டும் தரையில் பதித்த உலோக வில்லைகளால் அடையாளமிட்டிருக்கிறார்கள். பக்கத்திலுள்ள அறிவியல் கட்டடத்துக்கு மைக்கல்சன் பெயர். துறைத்தலைவர் சாம்ப்சன் பின்னாளில் கடற்படையில் மிக உயர்ந்து, 1898-இல் ஸ்பெயினோடு நடந்த போரில் அமெரிக்காவின் வட அட்லாண்டிக் கப்பல்படைக்குத் தலைமை தாங்கினார். வரலாற்று நூல்கள் அவரைக் கியூபாவின் சாண்டியாகோ சண்டைக்காகவே பேசுகின்றன. எனக்கோ அவர், இளம் பயிற்றுநர் ஒருவரைக் கூப்பிட்டு, ஒளியின் வேகத்தைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டு என்று சொன்ன ஆசிரியர்.