பெயர் ஸ்கொட்லாந்து, தையல் சியால்கோட்: கில்ட் மேலங்கியின் விலையும் தரமும்

ஒரு பண்டம் எந்த நாட்டின் அடையாளமாக விளங்குகின்றதோ அந்த நாட்டிலேயே அது உற்பத்தியாகின்றது என நாம் எண்ணிக்கொள்வது இயல்பே. ஆனால் இன்றைய உலக வர்த்தகம் இந்த எண்ணத்தைப் பெரும்பாலும் பொய்யாக்கி வருகின்றது. ஸ்கொட்லாந்து ஆண்களின் பாரம்பரிய உடை கில்ட் எனப்படும் மடிப்புப் பாவாடை. அதனுடன் அணியப்படும் குறுகிய மேலங்கி இதற்குத் தக்கதோர் உதாரணமாகும். திருமண வைபவங்களிலும் துருத்திக்குழல் வாத்தியக் குழுக்களிலும் காணப்படும் இந்த மேலங்கிகளில் கணிசமானவை ஸ்கொட்லாந்தில் தைக்கப்படுவதில்லை. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் உள்ள சியால்கோட் நகரிலேயே அவை தைக்கப்படுகின்றன.

கவிஞர் இக்பால் 1877 ஆம் ஆண்டு பிறந்த நகரம் என்ற வகையில் சியால்கோட் எமது வாசகர்கள் பலருக்கு அறிமுகமானதே. காற்பந்துகளுக்கும் சத்திரசிகிச்சைக் கருவிகளுக்கும் அது உலகப் புகழ் பெற்றது. 2007 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்நகரின் சர்வதேச விமான நிலையத்தை வர்த்தக சமூகத்தினரே தமது முதலீட்டில் அமைத்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. அத்தகைய நகருக்கும் ஸ்கொட்லாந்து உடைக்கும் என்ன தொடர்பு என்ற வினா எழலாம். பிரித்தானியர் ஆட்சியில் சியால்கோட் முக்கியமானதொரு படைமுகாம் நகராக விளங்கியது. பிரித்தானிய இராணுவத்தின் ஸ்கொட்லாந்துப் படைப்பிரிவுகள் தமது துருத்திக்குழல்களையும் சீருடைகளையும் இந்தியாவுக்குக் கொண்டுவந்தன. அவ்வாத்தியங்களைச் செய்யக் கற்றுக்கொண்ட உள்ளூர்க் கைவினைஞரின் தொழில், ஆட்சி நீங்கிய பின்னரும் நிலைத்தது. இன்று வாத்தியம், பாவாடை, மேலங்கி, இடுப்பில் தொங்கும் தோற்பை ஆகிய அனைத்தும் அங்கிருந்து பிரித்தானியாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் ஏற்றுமதியாகின்றன.

இந்த மேலங்கி சாதாரண கோட் அன்று. கில்ட் இடுப்பில் காற்சட்டையை விட உயரமாகக் கட்டப்படுவதால் அங்கியின் நீளம் குறைவாக இருத்தல் வேண்டும். முன்புறத்தில் தொங்கும் தோற்பையை மறைக்காதவாறு அதன் கீழ்விளிம்பு இருபுறமும் வளைத்து வெட்டப்படுகின்றது. பகல் வேளைக்கும் பொதுவான நிகழ்வுகளுக்கும் ஏற்றது ‘ஆர்கைல்’ வகை. மாலை விருந்துகளுக்கானது ‘பிரின்ஸ் சார்ளி’ வகை. இதன் பின்புறத்தில் சிறிய வால்களும், முன்புறத்தில் வெள்ளிநிறப் பொத்தான்களும், பளபளப்பான கழுத்துமடிப்பும் காணப்படும். பிந்தியது 1746 ஆம் ஆண்டு குலோடன் போரில் தோல்வியுற்ற இளவரசரின் பெயரைத் தாங்கியிருந்தாலும் அவர் காலத்துக்கு நெடுங்காலம் பிற்பட்ட வடிவமேயாகும். பெயரைக் கொண்டு மட்டும் ஒரு பொருளின் பிறப்பைத் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு மேலங்கிகளில் ஒன்று 100 பவுணுக்குக் குறைவாகவும் மற்றையது பல நூறு பவுணுக்கும் விற்கப்படுவதைக் காண்கின்றோம். இந்த வேறுபாட்டுக்கு உழைப்பின் கூலி ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும் அது மட்டுமே காரணமன்று. துணி, உட்புற அமைப்பு, வெட்டு ஆகிய மூன்றுமே விலையைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன. இம்மூன்றையும் கண்ணாலும் விரலாலும் பரிசோதிக்க முடியும்.

முதலாவது துணி. தூய கம்பளி, பொலியெஸ்டருடன் விஸ்கோஸ் கலந்த துணி, அக்ரிலிக் ஆகியவை தூரத்திலிருந்து பார்க்கையில் ஒன்றுபோலவே தென்படும். கம்பளி வியர்வையை ஈர்த்துக் காற்றை உட்புகவிடும். கசங்கினாலும் தொங்கவிட்டால் பெரும்பாலும் தன் நிலைக்குத் திரும்பும். செயற்கை இழைத் துணி விலை குறைந்தது. ஆனால் மண்டபத்தின் வெப்பத்தில் அணிந்தவரைப் புழுங்க வைக்கும். பிரித்தானியாவில் விற்கப்படும் ஆடைகளில் இழைகளின் விகிதத்தைக் குறிப்பிட வேண்டியது சட்டப்படி கட்டாயமாகும். ஆகவே உட்புறத்தில் தைக்கப்பட்டுள்ள சிறு துண்டை வாசிப்பதே முதற் சோதனை.

இரண்டாவது உட்புற அமைப்பு. மார்புப் பகுதிக்கு வடிவம் கொடுப்பதற்காக வெளித்துணிக்கும் உட்துணிக்கும் இடையில் மற்றுமொரு படை வைக்கப்படுகின்றது. சிறந்த அங்கிகளில் அது தையலால் பொருத்தப்பட்ட கன்வஸ் துணியாகும். காலப்போக்கில் அணிபவரின் உடலுக்கு ஏற்ப அது வளைந்துகொடுக்கும். மலிவான அங்கிகளில் பசையூட்டிய துணி சூட்டினால் ஒட்டப்படுகின்றது. அந்த ஒட்டு தரமற்றதாயின், சில தடவைகள் சலவைக்குச் சென்று வந்ததும் மார்புப் பகுதியில் கொப்புளங்கள் போன்று துணி எழும்பும். பொத்தான் துளைக்கு அருகில் வெளித்துணியையும் உட்துணியையும் விரல்களால் பிரித்து இழுத்துப் பார்த்தால், நடுவில் தனியாக அசையும் மூன்றாவது படை தட்டுப்படுகின்றதா என்பதை உணரலாம். தட்டுப்படாவிடின் அது ஒட்டப்பட்டதென்றே கொள்ளலாம்.

மூன்றாவது வெட்டு. சாதாரண கோட் ஒன்றின் கீழ்ப்பகுதியை வெட்டிக் குறைத்து கில்ட் மேலங்கியாக மாற்றுவதும் உண்டு. அவ்வாறு செய்யப்பட்டதில் பைகள் கீழ்விளிம்பை நெருங்கி நிற்கும். பொத்தான் பூட்டும் இடமும் தாழ்ந்திருக்கும். ஆரம்பத்திலேயே இதற்கென வெட்டப்பட்டதில் இவையனைத்தும் உயர்த்தி அமைக்கப்பட்டிருக்கும். கட்டமிட்ட துணியாயின் முதுகுத் தையலின் இருபுறமும் கோடுகள் நேராகச் சந்திக்கின்றனவா என நோக்க வேண்டும். கோடுகளைப் பொருத்தி வெட்டுவதற்குத் துணியும் நேரமும் கூடுதலாகச் செலவாகும் என்பதால், விலையை மிச்சப்படுத்துவோர் முதலில் கைவிடுவது இதனையே.

இந்தச் சோதனைகள் எதுவும் நாட்டின் பெயரைக் கேட்பதில்லை என்பதை வாசகர்கள் அவதானித்திருப்பர். சியால்கோட்டின் தையற்காரருக்குத் திறமை இல்லை என்பதல்ல பிரச்சினை. இறக்குமதியாளர் எந்த விலையைப் பேசுகின்றாரோ அந்த விலைக்கேற்ற துணியும் நேரமுமே அவருக்குக் கிடைக்கின்றன. நல்ல கம்பளியும் போதிய அவகாசமும் வழங்கப்பட்டால் நல்ல அங்கி அங்கிருந்தும் வரும். அவசரமும் மலிவான துணியும் சேர்ந்தால் எடின்பரோவில் தைத்தாலும் மட்டமானதே வரும்.

உண்மையான குற்றம் மறைப்பதிலேயே இருக்கின்றது. ‘ஸ்கொட்லாந்தில் வடிவமைக்கப்பட்டது’ என்பது ‘ஸ்கொட்லாந்தில் தைக்கப்பட்டது’ என்பதாகாது. பிரித்தானியச் சட்டம் இழை விகிதத்தைக் குறிப்பிடுமாறு பணித்தாலும், ஆடை தைக்கப்பட்ட நாட்டைக் குறிப்பிடுமாறு பொதுவாகக் கட்டாயப்படுத்துவதில்லை. பொய்யான தகவலைக் கூறினாலே சட்டம் குறுக்கிடும். மௌனம் பெரும்பாலும் தப்பிவிடுகின்றது. புகழ்பெற்ற ஹரிஸ் ட்வீட் துணிக்கு மட்டும் 1993 ஆம் ஆண்டின் தனிச்சட்டம் ஒன்று உண்டு. வெளி ஹெப்ரிடிஸ் தீவுகளில் சாயமிட்டு நூற்ற தூய கம்பளியைக் கொண்டு, தீவுவாசிகள் தமது வீடுகளில் கைத்தறியில் நெய்து, அங்கேயே முடிவுறுத்திய துணிக்கே அப்பெயர் உரியது. ஆயினும் அச்சட்டம் காப்பது துணியை மட்டுமே, தையலை அல்ல. அந்தத் துணியை எந்த நாட்டிலும் தைத்து விற்கலாம். எனவே துணி எங்கு நெய்யப்பட்டது, எங்கு வெட்டப்பட்டது, எங்கு தைக்கப்பட்டது என்ற மூன்று வினாக்களையும் கடைக்காரரிடம் தனித்தனியே கேட்பது அவசியம். நேரடியாகப் பதில் கூறத் தயங்குபவரிடம் உயர்ந்த விலை கொடுக்க வேண்டியதில்லை.

வாங்குபவர் தமது தேவையையும் எடைபோட வேண்டும். ஒரேயொரு திருமணத்துக்கு மட்டும் தேவைப்படுவோர் வாடகைக்கு எடுப்பதே சிக்கனம். வாரந்தோறும் வாத்தியக் குழுவில் அணிபவருக்கு நல்ல கம்பளியும் தையலால் பொருத்திய உட்படையும் கொண்ட அங்கி நீண்டகாலம் உழைத்து, முடிவில் மலிவானதாக அமையும்.

ஆடை ஏற்றுமதியில் தங்கியுள்ள நாட்டினரான எமக்கு இது அந்நிய விவகாரமன்று. எமது சுதந்திர வர்த்தக வலயங்களில் எமது பெண்கள் தைக்கும் ஆடைகளும் வேறெவரதோ பெயரைத் தாங்கியே மேலைநாட்டுக் கடைகளை அடைகின்றன. மறுபுறம், ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் 1867 ஆம் ஆண்டு லூல்கந்துரவில் வர்த்தக ரீதியாக ஆரம்பித்த தேயிலைச் செய்கையின் பயனை, சிங்க இலச்சினையின் மூலம் நாம் பாதுகாத்து வருகின்றோம். எமது தேயிலையின் பெயரைப் பிறர் தவறாகப் பயன்படுத்தலாகாது எனக் கோரும் நாம், எமது தையற்காரரின் உழைப்பும் மறைக்கப்படலாகாது எனக் கோருவதே முறையாகும். சியால்கோட் தையற்காரரின் நியாயமும் இதுவேயாம். தைத்த ஊரின் பெயரை வெளிப்படையாகப் பொறித்து, தரத்துக்கேற்ற விலையைப் பெறுவதே வாங்குபவருக்கும் தைப்பவருக்கும் ஒருங்கே நன்மை பயக்கும் வர்த்தகமாகும்.