குரீஇ: ஒரு பெயரும் மூன்று பறவையினங்களும்

சங்கத் தொகை நூல்களைப் பயில்வோர் 'குரீஇ' என்னும் சொல்லைக் காணுந்தோறும் சிட்டுக்குருவி எனவே பொருள் கொள்ளுதல் இக்காலத்துப் பெருவழக்காயிற்று. அங்ஙனம் கொள்ளின் சில பாடல்களில் உவமை பொருந்தாதொழியும். ஆதலின் அச்சொல்லின் பொருளெல்லையை ஈண்டு ஆராய்வாம்.

குரீஇ என்பது ஓரினத்திற்கே உரிய சிறப்புப் பெயரன்று. சிறு பறவைகள் பலவற்றிற்கும் பொதுப் பெயர். இனம் இன்னதென்பதை அதன் முன் வரும் அடைமொழியே காட்டும். குறுந்தொகை 46-ஆம் பாடலில் அப்பறவை மனையில் உறைவதாகக் கூறப்படுகின்றது. வாடிய ஆம்பல் இதழை ஒத்த சிறகுடையது. முற்றத்தில் உலரும் தானியத்தை உண்பது. எருவின் நுண்டுகளில் குடைந்தாடுவது. மனையிலேயே தன் பிள்ளைகளோடு தங்குவது. இவை யாவும் சிட்டுக்குருவிக்கே உரிய இயல்புகள்.

குறுந்தொகை 85-ஆம் பாடல் மருதத்திணைக்குரியது. சூல்முற்றிய பேடைக்கு ஈனும் இல் இழைக்க வேண்டிச் சேவல் கரும்பின் பூவைக் கோதுகின்றது. ஈண்டு அடைமொழி 'உள்ளூர்' என்பது. இச்சேவலைத் தூக்கணங்குருவி எனக் கொள்வார் உளராயின், அது பொருந்தாமை அப்பறவையின் வாழ்வியலால் விளங்கும். தூக்கணங்குருவியுள் சேவலே தனித்து நின்று கூட்டைப் பாதியளவு முடையும். பின்னர்ப் பேடை வந்து ஆராய்ந்து உடன்பட்ட பிறகே அவை கூடும், கூடு நிறைவெய்தும். எனவே சூல்முற்றிய பின் கூட்டிற்குப் பொருள் தேடுதல் அதற்கு இயல்பன்று. சிட்டுக்குருவியோ மென்பொருள்களைத் தொகுத்துப் பொந்திலும் இறப்பிலும் பரப்பி வைப்பது. தத்தித் தத்தி நடப்பது. பாடலில் சேவலின் நடையைக் குறிக்கும் அடையும் இதனையே வலியுறுத்தும். சேவல், பேடை என்னும் பெயர்கள் தொல்காப்பிய மரபியலோடு ஒத்து வருதலும் காண்க.

இனித் தூக்கணங் குரீஇ என்பதனை நோக்குவாம். நெல்லின் தாளினின்றும் பனையோலையினின்றும் நீண்ட நார்களைக் கிழித்தெடுத்து, ஒன்றனுள் ஒன்றைச் செருகி முடையப்படும் அதன் கூடு, மேலே பருத்துக் கீழே குழல்போல் நீண்டு தொங்கும். சோழன் நலங்கிள்ளி இறந்துபட்டபோது ஆலத்தூர் கிழார் பாடிய புறநானூறு 225-இல், அவன் கேட்பான் என்றஞ்சி ஒலியாது ஒருபுறம் தூக்கி வைக்கப்பட்ட வலம்புரிச் சங்கிற்கு இக்கூடு உவமையாயிற்று. பருத்த உடலும் ஒடுங்கிய முனையும் தொங்கும் நிலையும் ஆகிய மூன்றும் ஒருங்கே பொருந்துதல் காண்க. குறுந்தொகை 374-இல் உறையூர்ப் பல்காயனார் ஊராரின் மயக்கத்திற்கு இதே கூட்டை உவமை கூறினார். அங்கு வடிவம் பற்றியதன்று உவமை. பின்னலின் சிக்கல் பற்றியது. ஒரு பொருளின் இருவேறு இயல்புகளைக் காவிரிநாட்டோடு தொடர்புடைய இருவர் தெரிந்தெடுத்தமை அவர் நேரிற் கண்டறிந்த தெளிவைப் புலப்படுத்தும். இவ்விரண்டு இடத்தும் சிட்டுக்குருவியின் கூட்டை எண்ணிப் படிப்பவர்க்கு உவமையே இல்லாமற் போகும்.

மூன்றாவது வகை குறுந்தொகை 72-இல் வரும் ஏனல் குரீஇ. இது தினைப்புனத்தில் ஓட்டப்படும் பறவை. இங்கு உணவே அடைமொழியாயிற்று. இவ்வகையுள் சில்லைகளை அடக்குதல் தகும். தஞ்சை வயல்களில் முற்றிய நெற்கதிரிற் கூட்டமாக இறங்கும் புள்ளிச் சில்லை, கருந்தலைச் சில்லை ஆகியவை இவ்வினத்தன.

உணவால் பெயரிடும் இம்முறை தமிழர்க்கே உரியதன்று. மணிமேகலையில் ஆபுத்திரன் மறுபிறப்பெய்திய நாடாகக் கூறப்படும் சாவகத்தில் சில்லைக் குடும்பத்தைச் சார்ந்த சிறு பறவை ஒன்று உண்டு. சாவகமும் பாலியும் அதன் தாயகம். சாம்பல் உடலும் கருந்தலையும் வெண்கன்னமும் செவ்வலகும் உடையது. 1758-இல் லின்னேயசு அதற்கு 'நெல்லுண்பது' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரிட்டார். ஒருகாலத்து வயல்களில் பெருங்கூட்டமாய்த் திரிந்த அது, கூண்டுக்காகப் பிடிக்கப்பட்டமையால் தாயகத்திலேயே அருகி, இன்று அழியும் நிலையிலுள்ள இனங்களுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. பெயர் நிலைத்து நிற்கப் பொருள் மறைதல் நேர்வதே என்பதற்கு அஃது ஒரு சான்று.

விலங்கியலார் சிட்டுக்குருவி, தூக்கணங்குருவி, சில்லை ஆகியவற்றை மூன்று குடும்பங்களாகப் பகுப்பர். உறைவிடம், கூடு, உணவு என்னும் மூன்றனால் சங்கப் புலவர் அடைகொடுத்துப் பிரித்தமையும் அப்பகுப்போடு பெரிதும் ஒத்தமைகின்றது. எனவே அடைமொழியை விடுத்துக் குரீஇக்குப் பொருள் எழுதுதல் உரையாசிரியர்க்கும் அகராதியார்க்கும் ஏற்றதன்று.

வாய்க்காற் கரைப் பனையில் தொங்கும் கூட்டைக் கண்டறியாத மாணவர் தலைமுறை தோன்றிவருகின்றது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலால் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் எண்ணிறந்த தென்னைகள் வீழ்ந்தன. கூடு தொங்கும் மரம் குறையக் குறைய, புறநானூற்றுச் சங்கின் வடிவமும் பாடநூற் குறிப்பாகவே எஞ்சும். மாணவரை ஒருநாள் வயற்புறத்திற்கு அழைத்துச் சென்று அக்கூட்டைக் காட்டிய பின் அப்பாடலைக் கற்பித்தல் ஆசிரியர் கடனாகும்.