கடன் வாங்கக் கற்ற நகரம்

குழாய் பதிக்கப் பணம் தேடி அகமதாபாத் 1998ல் சந்தைக்குப் போனது. அதற்கு முன்னும் பின்னும் நடந்தவை, சாக்கடைக்கும் கஜானாவுக்கும் உள்ள உறவைச் சொல்கின்றன.

குடிநீருக்கும் சாக்கடைக்கும் பணம் திரட்டக் கிளம்பிய அகமதாபாத் மாநகராட்சி முதலில் செய்த காரியங்களில் ஒன்று, பலருடைய குடிநீர் இணைப்பையும் சாக்கடை இணைப்பையும் துண்டித்தது. 1990களின் நடுவில் நடந்தது இது. சொத்து வரி கட்டாமல் இழுத்தடித்த பெரும் பாக்கிதாரர்களின் பட்டியல் விளம்பரமாக வெளிவந்தது. அதற்கும் அசையாதவர்களின் சொத்து ஜப்தி செய்யப்பட்டது.

கஜானா இருந்த நிலைமை அப்படி. 1993-94ல் மாநகராட்சிக்குச் சேர்ந்திருந்த ரொக்க நஷ்டம் சுமார் 35 கோடி ரூபாய். ஒரு காலத்தில் 'இந்தியாவின் மான்செஸ்டர்' என்று பெயர் வாங்கிய ஊர். ஆனால் பெரிய துணி ஆலைகள் 1980களில் ஒன்றன் பின் ஒன்றாக மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். சபர்மதியில் தண்ணீர் ஓடிய நாட்களைவிட மணல் தெரிந்த நாட்கள் அதிகம். ஆழ்குழாய்க் கிணறுகள் வருடத்துக்கு வருடம் இன்னும் ஆழமாக இறங்கிக்கொண்டிருந்தன. ஊரோ வளர்ந்துகொண்டே இருந்தது.

1994ல் கமிஷனராகப் பொறுப்பேற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி கேசவ் வர்மா கை வைத்த முக்கிய இடம் ஆக்ட்ராய், அதாவது ஊருக்குள் வரும் சரக்கு மீதான நுழைவு வரி. மாநகராட்சியின் வருமானத்தில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வந்தது. பெரும் ஓட்டையும் அதில்தான் இருந்தது. வியாபாரிகள் சரக்கின் மதிப்பைக் குறைத்துக் காட்டினார்கள். சாவடியில் இருந்தவர்கள் கண்டுகொள்ளவில்லை. சந்தை விலைகளைத் திரட்டி, எந்தச் சரக்குக்கு என்ன மதிப்பு என்ற விவரத்தைச் சாவடிகளின் கையில் கொடுத்தது புதிய நிர்வாகம். பறக்கும் படை வந்தது. மேலாண்மை படித்த இளைஞர்களும் கணக்குத் தணிக்கை தெரிந்தவர்களும் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். வரி விகிதம் பெரிதாக ஏறவில்லை. வர வேண்டியது வந்தது, அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு மாநகராட்சி எடுத்த முடிவு பலரைப் புருவம் உயர்த்த வைத்தது. கம்பெனிகளைப் போல அதுவும் தன் கணக்குப் புத்தகங்களைத் தர நிர்ணய நிறுவனமான கிரிசிலிடம் ஒப்படைத்தது. கடன் கொடுத்தால் இந்த நகரம் திருப்பிக் கொடுக்குமா என்பதுதான் கேள்வி. 1996ல் கிடைத்த தரம் 'ஏ பிளஸ்'. பின்னர் ஆக்ட்ராய் வசூலில் ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் ஒதுக்கி, அதிலிருந்து கடன்காரர்களுக்கே முதலில் பணம் போகும் என்ற ஏற்பாடு செய்யப்பட்டதும் அது 'டபுள் ஏ' ஆக உயர்ந்தது. 1998 ஜனவரியில் 100 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிடப்பட்டது: 7 ஆண்டுத் தவணை, 14 சதவீத வட்டி. 75 கோடி நிறுவனங்களிடமிருந்தும் 25 கோடி பொதுமக்களிடமிருந்தும் திரட்டப்பட்டது. 1997ல் பெங்களூர் மாநகராட்சி 125 கோடிக்குப் பத்திரம் விட்டிருந்தது உண்மை. ஆனால் அதன் பின்னால் கர்நாடக அரசின் உத்தரவாதம் இருந்தது. மாநில அரசின் கையெழுத்து இல்லாமல், தன் வருமானத்தை மட்டும் காட்டிக் கடன் வாங்கிய முதல் இந்திய நகரம் அகமதாபாத்தான்.

பணம் வந்த கையோடு குழாய் வந்துவிடவில்லை. போட்ட திட்டம் மாற்றி வரையப்பட்டது. அதுவரை பணம் காத்திருந்தது, 14 சதவீத வட்டி காத்திருக்கவில்லை. கடைசியில் வறட்சிதான் வேகத்தைக் கொண்டுவந்தது. குஜராத் வறண்டு கிடந்த 1999-2000ல், ராஸ்காவிலிருந்து மஹி ஆற்றுக் கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுவரும் திட்டம் சில மாதங்களில் முடிக்கப்பட்டது. அரசாங்க வேலை என்றாலே ஆண்டுக் கணக்கில் இழுக்கும் என்று நம்புகிறவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமான உதாரணம்.

குடிசைப் பகுதியின் பங்கு

இதே காலத்தில் சஞ்சய் நகர் என்ற சேரியில் வேறொரு கணக்கு நடந்துகொண்டிருந்தது. 'பரிவர்த்தன்' என்ற அந்தத் திட்டத்தில் குடிசைக்குக் குடிசை தனிக் குழாய், தனிக் கழிப்பறை, சாக்கடை இணைப்பு, தெருவுக்குத் தளம். குடும்பம் ஒன்றுக்கு 2,000 ரூபாய் பங்கு. மீதியை மாநகராட்சியும், சஞ்சய் நகரைப் பொறுத்தவரை அரவிந்த் மில்ஸ் நிறுவனத்தின் அறக்கட்டளையும் ஏற்றுக்கொண்டன. அன்றாடக் கூலிக்காரர்களுக்கு அன்று 2,000 ரூபாய் என்பது விளையாட்டல்ல. அமைப்புசாராப் பெண் தொழிலாளர்களின் சங்கமான சேவா நடத்தும் வங்கி, சேமிக்கவும் கடன் வாங்கவும் வழி செய்தது.

பணத்தைவிட முக்கியமான சரக்கு ஒன்று பேரத்தில் இருந்தது. அடுத்த 10 ஆண்டுகளுக்கு அப்புறப்படுத்த மாட்டோம் என்று மாநகராட்சி உறுதி கொடுத்தது. நாளை புல்டோசர் வரும் என்று பயப்படுகிறவர் இன்று கழிப்பறைக்குப் பணம் கொடுக்க மாட்டார். திட்ட அறிக்கை எழுதும் பொறியாளர்கள் பலருக்கு இந்தச் சின்ன விஷயம் ஏனோ எட்டுவதில்லை.

முன்பணம் வாங்கும் எல்லா இடத்திலும் இந்த நம்பிக்கைதான் முதல். சென்னையை ஒட்டிய ஆலந்தூரில் பாதாளச் சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் வசூலிக்கப்பட்டது. நகராட்சி கேட்டது, மக்கள் கொடுத்தார்கள், சாக்கடை வந்தது. பெங்களூரின் புறநகரில் கதை வேறு. அங்கே 8 உள்ளாட்சிகள் சேர்ந்து காவிரி நீர் கொண்டுவருவதற்காக 2005ல் 100 கோடிக்குக் கூட்டுப் பத்திரம் விடப்பட்டது. வீட்டுக்காரர்களிடமும் பங்குத் தொகை கேட்கப்பட்டது. கட்டியவர்களில் பலர் தண்ணீருக்காக ஆண்டுக் கணக்கில் காத்திருந்தார்கள். லாரித் தண்ணீருக்கும் பணம், வராத குழாய்க்கும் பணம். இதற்கிடையில் 2007ல் அந்த உள்ளாட்சிகளே பெங்களூர் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டுவிட்டன. யாரை நம்பிப் பணம் கட்டினார்களோ, அந்த அலுவலகமே இல்லை.

டெல்லியிலிருந்து வந்த மழை

அகமதாபாத்தைப் பார்த்து வேறு சில நகரங்களும் பத்திரம் விட்டன. பிறகு அந்த ஆர்வம் வடிந்துபோனதற்குக் காரணம் தோல்வி அல்ல, தாராளம். 2005 டிசம்பரில் தொடங்கிய ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தில், 40 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களின் திட்டச் செலவில் 35 சதவீதத்தை மத்திய அரசு மானியமாகக் கொடுத்தது. 10 முதல் 40 லட்சம் வரை என்றால் 50 சதவீதம். மற்ற பெரும்பாலான ஊர்களுக்கு 80 சதவீதம். 14 சதவீத வட்டிக்கு யார் போவார்கள்?

நிபந்தனை இல்லாமல் இல்லை. இரட்டைப் பதிவுக் கணக்குமுறை வேண்டும், குடிநீர்க் கட்டணம் பராமரிப்புச் செலவை 7 ஆண்டுகளுக்குள் ஈடுகட்ட வேண்டும் என்றெல்லாம் காகிதத்தில் இருந்தது. ஆனால் பத்திரம் வாங்கியவர் வட்டி வராவிட்டால் கேள்வி கேட்பார். மானியம் கொடுத்த அமைச்சகம் பணம் செலவானதற்கான சான்றிதழைக் கேட்கும், அவ்வளவே.

இன்னொரு பக்கம், நகரங்களின் சொந்த வருமானம் ஒவ்வொன்றாகக் கழன்றது. 2007ல் குஜராத் அரசு ஆக்ட்ராயை ரத்து செய்தது. லாரிகள் சாவடிகளில் மணிக்கணக்கில் நிற்பது ஒழிந்தது நல்லதுதான். ஆனால் அகமதாபாத் எந்த வசூலைப் பிணையாக வைத்துக் கடன் வாங்கியதோ, அதன் இடத்தில் மாநில அரசின் இழப்பீட்டு மானியம் வந்து உட்கார்ந்தது. 1993ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74வது திருத்தம், குடிநீரும் சுகாதாரமும் உட்பட 18 பொறுப்புகளை நகராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று பட்டியல் போட்டது. பணத்துக்கு அப்படிப் பட்டியல் எதுவும் இல்லை. நாட்டின் எல்லா மாநகராட்சிகளின் வருவாயையும் சேர்த்தாலும் அது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 1 சதவீதம்தான் என்று ரிசர்வ் வங்கி 2022ல் சொன்னது.

கட்டிய ஆலை, வராத சாக்கடை

கட்டுவதற்குப் பணம் கிடைத்து, நடத்துவதற்குக் கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021ல் வெளியிட்ட கணக்கு பதில் சொல்கிறது. இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு உண்டாகும் கழிவுநீர் சுமார் 7,237 கோடி லிட்டர். அதைச் சுத்திகரிக்க நிறுவப்பட்ட ஆலைகளின் திறன் 3,184 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 2,024 கோடி லிட்டர். ஆலை போதவில்லை என்பது ஒரு பாதி. இருக்கிற ஆலையிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சும்மா இருக்கிறது என்பது மறு பாதி.

ஆலையைத் திறப்பது எளிது. கல்வெட்டு வைக்க இடம் உண்டு. வீட்டு வாசலிலிருந்து தெருச் சாக்கடை வரையிலான சில அடிக் குழாய்க்குத் திட்டத்தில் பணம் இருக்காது. வீட்டுக்காரரும் செலவழிக்க மாட்டார். அவருக்கு செப்டிக் டேங்க் இருக்கிறது. பம்பு நிலையத்தின் மின்கட்டணமும் அடைப்பெடுக்கும் இயந்திரமும் அறிக்கையில் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடும். அந்த இயந்திரம் இல்லாத இடத்தில், 2013ல் தடைச் சட்டம் வந்த பிறகும், சாக்கடைக் குழிக்குள் மனிதர்கள் இறங்கினார்கள், இறந்தார்கள்.

சாக்கடையை அலட்சியப்படுத்தினால் அது குடிநீரில் கணக்குத் தீர்க்கும். டெல்லியில் 1955-56ல், யமுனையில் குடிநீர் எடுக்கும் இடத்துக்கு நஜப்கர் கால்வாயின் கழிவு ஏறி வந்தது. சுமார் 29,000 பேருக்கு மஞ்சள்காமாலை கண்டது. இதே ஆபத்தை வேளை வைத்துத் தண்ணீர் விடும் ஒவ்வொரு ஊரும் சின்ன அளவில் சுமக்கிறது. தண்ணீர் நின்றதும் குழாயில் அழுத்தம் போய்விடும். பக்கத்தில் ஓடும் சாக்கடையின் கசிவை விரிசல் வழியாகக் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்த முறை குழாயைத் திறந்ததும் முதலில் வருவது அதுதான்.

இதற்கு மருந்து 24 மணி நேர விநியோகம். கர்நாடகத்தில் ஹூப்ளி-தார்வாட், பெல்காம், குல்பர்கா நகரங்களில் உலக வங்கிக் கடனில் சில வட்டாரங்களை மட்டும் எடுத்து, பழைய குழாய்களை மாற்றி, வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்து 2008ல் அதைச் செய்து காட்டினார்கள். நாட்கணக்கில் தண்ணீருக்காகக் காத்திருந்த தெருக்களில் இரவு பகலாகத் தண்ணீர் வந்தது. ஆனால் ஹூப்ளி-தார்வாடில் இந்தப் பாக்கியம் கிடைத்தது மக்கள்தொகையில் சுமார் 10 சதவீதத்துக்கு. மற்ற வட்டாரங்கள் பத்தாண்டுகளுக்கு மேல் வேடிக்கை பார்த்தன.

மறுபடி சந்தைக்கு

பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2015ல் நகராட்சிப் பத்திரங்களுக்கு விதிமுறை வகுத்த பிறகு பழைய பாதை மறுபடி திறந்தது. இந்த முறை மத்திய அரசே தூண்டில் போட்டது: 100 கோடிக்குப் பத்திரம் விட்டால் 13 கோடி ஊக்கத்தொகை. 24 மணி நேரக் குடிநீருக்காக 2,264 கோடி திரட்ட உத்தேசித்த புனே, 2017 ஜூனில் முதல் தவணையாக 200 கோடியை 7.59 சதவீத வட்டிக்கு வாங்கியது. பிறகு டெண்டர் ரத்தாகி, மறு டெண்டர் விடப்பட்டது. பணம் வங்கியில் கிடக்க, வட்டி ஓடியது. அகமதாபாத்தின் பழைய கதையில் இந்தப் பகுதியை மட்டும் யாரும் படிக்கவில்லை போலும்.

காசியாபாத்தின் கணக்கு கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. 2021ல் அது 8.1 சதவீத வட்டிக்குத் திரட்டிய 150 கோடி, கழிவுநீரை மேலும் சுத்திகரித்துச் சாஹிபாபாத் தொழிற்சாலைகளுக்கு விற்பதற்கு. நாளொன்றுக்கு 4 கோடி லிட்டர். சூரத் மாநகராட்சி 2014லேயே பாம்ரோலி ஆலையிலிருந்து பாண்டேசராவின் துணித் தொழிற்சாலைகளுக்கு இப்படி விற்கத் தொடங்கியது. வாங்க ஆள் இருந்தால் ஆலை நிற்காது. நின்றால் அன்றைக்கே போன் வரும். ஆனால் தொழிற்பேட்டை இல்லாத ஊருக்கு இந்த வழி இல்லை. தரச் சான்றிதழே எட்டாத சிறு நகராட்சிகளுக்குத் தமிழ்நாடும் கர்நாடகமும் செய்தது போலப் பல ஊர்களை ஒன்றாகக் கட்டிக் கடன் வாங்கும் ஏற்பாடு வேண்டும். அதைப் பின்பற்றிய மாநிலங்கள் குறைவு.

அகமதாபாத்தைக் கேட்டால்? சபர்மதி இப்போது நர்மதைத் தண்ணீரால் நிறைந்து, கரையில் நடைபாதையோடு பளபளக்கிறது. நகரத்தைத் தாண்டிய பிறகு அதில் கலப்பது வேறு. சுத்திகரிப்பு ஆலைகள் விதித்த அளவுக்குச் சுத்திகரிக்கவில்லை என்று 2021ல் குஜராத் உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்துக்கொண்டு மாநகராட்சியைக் கேள்வி கேட்டது. 2024 பிப்ரவரியில் மாநகராட்சி மறுபடி சந்தைக்குப் போய் 200 கோடிக்குப் பசுமைப் பத்திரம் விட்டது. வட்டி 7.9 சதவீதம். பணம் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு.