மாணவர்களின் இடுப்பு வலி: எடைக்கு எவ்வளவு பங்கு?

பொதுத்தேர்வு, நீட் என்று மணிக்கணக்கில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளை "இடுப்பு வலிக்குது" என்றால், வீட்டில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒல்லியான பிள்ளைக்கு, "இந்த வயசுல என்ன இடுப்பு வலி?" பருமனான பிள்ளைக்கு, "முதல்ல உடம்பைக் குறை!" இரண்டுமே போதாத பதில்கள்.

புதுச்சேரியில் எடை சின்ன விஷயமல்ல. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, இங்கு 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 46 சதவீதத்தினர் அதிக எடையோ பருமனோ கொண்டவர்கள். அந்த வயதின் தொடக்கத்தில் இருப்பவர்கள்தான் பள்ளி, கல்லூரி மாணவிகள்.

வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேரும்போது உடலின் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. அதை நிமிர்த்திப் பிடிக்க இடுப்புத் தசைகள் கூடுதலாக உழைக்கின்றன. முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க்குகளும் அதிக அழுத்தம் தாங்குகின்றன. கொழுப்புத் திசு சுரக்கும் அழற்சிப் பொருள்களுக்கும் வலியில் பங்கிருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

33 ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான அலசலில், பருமனானவர்களுக்கு இடுப்பு வலி கூடுதலாக இருப்பது தெரிந்தது. ஆனால், ஒரே மரபணு கொண்ட இரட்டையரை ஒப்பிட்ட ஆய்வுகளில் அந்தத் தொடர்பு மங்கிவிட்டது. ஆக, எடை ஒரு காரணமாக இருக்கலாம், ஒரே காரணமல்ல. அசையாமல் உட்கார்வது, தூக்கக் குறைவு, தேர்வு பயம் எல்லாம் சேர்ந்தே வலியைத் தருகின்றன. வலிக்குப் பயந்து விளையாட்டை விட்டால் எடை ஏறும் என்பதும் உண்மை.

புத்தகப்பையையும் பாருங்கள். மாணவரின் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் பை கனக்கக் கூடாது என்கிறது 2020 பள்ளிப்பைக் கொள்கை. அந்தக் கணக்கில் 40 கிலோ பிள்ளைக்கு 4 கிலோ, 60 கிலோ பிள்ளைக்கு 6 கிலோ. ஏற்கெனவே உடல் பாரம் சுமக்கும் பிள்ளைக்குத்தான் பையிலும் கூடுதல் சுமைக்கு அனுமதி! வகுப்பில் எல்லோருக்கும் இலகுவான பை என்பதே நியாயம்.

சரி, எது அதிக எடை? 18 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களுக்கு, எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் நிறை குறியீட்டெண் (பி.எம்.ஐ.) 23ஐத் தாண்டினாலே அதிக எடை, 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது சுமார் 63 கிலோ. சிறுவர்களுக்கு வயதுக்கேற்ற வளர்ச்சி அட்டவணை தனியாக உண்டு.

பள்ளிப் பிள்ளைகள் தினமும் 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இது ஒல்லிப் பிள்ளைக்கும் பொருந்தும். வலியோடு காய்ச்சல், கால் மரத்துப்போதல், காரணமில்லாத எடை இழப்பு இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். சிறுநீரை அடக்க முடியாமல் போனால் அன்றே செல்லுங்கள். பெற்றோரே, ஆசிரியர்களே, விளையாட்டு வகுப்பைப் பாட வகுப்புக்குக் கடன் கொடுக்காதீர்கள்.