க்ளிக் நிறைய இருந்தால் நன்றாகப் படிக்கிறார்கள் என்று அர்த்தமா?

2021, இரண்டாம் அலை. நான் வேலை பார்த்த மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு வகுப்புகள் மறுபடி ஆன்லைனுக்குப் போயின. யார் எந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தார்கள், எந்த க்விஸ்ஸைத் தொட்டார்கள் என்ற கணக்கெல்லாம் கையில் வந்தது. மயிலாப்பூர் வீட்டில் உட்கார்ந்து எக்செல்லில் வரிசைப்படுத்தி, கடைசிப் பத்துப் பேருக்கு போன் போட்டேன்.

முதல் பையனே கவிழ்த்துவிட்டான். "மேடம், இங்க சிக்னலே இல்ல. ஃப்ரெண்டு பென் டிரைவ்ல குடுத்தான், அதுலதான் பார்க்கிறேன்." அவன் நன்றாகவே பாஸ் செய்தான்.

ஃபெயில் ஆனது பட்டியலின் உச்சியில் இருந்த ஒரு பெண். தமிழ் மீடியம், அரசுப் பள்ளி. 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டின் முதல் பேட்ச். ஆங்கிலம் பிடிபடாமல் ஒவ்வொரு வீடியோவையும் நாலு தடவை பார்த்திருக்கிறாள். நான் அதை 'ஆர்வம்' என்று எடுத்துக்கொண்டேன். அவளைக் கூப்பிடவே இல்லை.

ரங்கநாதன் தெருவில் நடக்கிறவர்கள் எல்லாரும் துணி எடுக்கிறவர்கள் இல்லையே! க்ளிக்கும் அப்படித்தான்.

வருகைப் பதிவு இதற்கு உதவாது. தியரிக்கு 75 சதவீதம், பிராக்டிகலுக்கு 80 சதவீதம் என்ற விதி வராதவரைத்தான் பிடிக்கும். வந்தும் புரியாதவரை விட்டுவிடும். இன்டர்னல் மார்க் வரும்போது மாதங்கள் ஓடியிருக்கும். முதலாண்டுத் தேர்வுக்கு மொத்தமே நாலு அட்டெம்ட்தான்.

பிரிட்டனின் ஓபன் யுனிவர்சிட்டி 2017-ல் 32,593 பதிவுகளின் தரவைப் பொதுவில் வைத்தது. க்ளிக் பதிவு மட்டும் ஒரு கோடி வரிசைக்கு மேல். அதைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த உருப்படியான அடையாளங்களில் ஒன்று ரொம்பச் சாதாரணமானது: முதல் அசைன்மென்ட்டையே கொடுக்காமல் விடுவது.

இப்போது நான் வகுப்புச் சராசரியோடு யாரையும் ஒப்பிடுவதில்லை. அந்த மாணவரின் போன மூன்று வாரங்களோடுதான் ஒப்பிடுகிறேன். தினம் பார்த்தவர் திடீரென்று நிறுத்தினால் ஒரு போன். மார்க் இல்லாத க்விஸ்ஸைத் தொடர்ந்து தவிர்த்தாலும் ஒரு போன். இந்தப் பட்டியல் டீன் அலுவலகத்துக்குப் போகாது. போனால் பசங்க வீடியோவை ஓடவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள்.

இன்னொரு காலமும் சேர்த்திருக்கிறேன்: ஒரே வீடியோவை மூன்று தடவைக்கு மேல் பார்த்தவர்கள். போன வாரம் அதில் ஆறு பேர். நாலு பேரிடம் பேசியாகிவிட்டது.